மருதாணிக் கொப்பு பதினொன்று

மாசி 10, ஞாயிறு

இன்று காலை பத்தே முக்காலுக்கு வீட்டின் பின்பக்கம் இருந்தவர்கள்: நான். ஸ்டெல்லா. மருதாணிச் செடிக்குள் சின்னான் என்கிற கொண்டைக்குருவி ஒன்று, மதில்மேல் அதன் ஜோடி ஒன்று. கிணற்று உறைமேல் அணில் ஒன்று. ஆக மொத்தம் ஐந்து. அவுக இல்லை, தென்காசி ரூட்டில் கண்டக்டர் டூட்டி. அண்ணன் இல்லை. மகள் கோமு இல்லை.

இத்தனை சரியாக எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டெல்லா சொன்னதை வேறு யாராவது கேட்டிருப்பார்களோ என்று பின்னால் எனக்கே சந்தேகம் வரக்கூடாது.

ஸ்டெல்லா, கோமுவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து காலேஜ் வரை ஒரே பெஞ்சில் இருந்தவள். இப்போது ஆற்றுப்பாலம் போகிற ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். நான் எடுக்கிற குருவிப் படங்களை அவள்தான் கேமராவிலிருந்து இறக்கிப் பிரிண்டு போட்டுத் தருவாள். வாசலில் நின்று பேசாமல் நேரே பின்பக்கம் வந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, ஏப்ரல் மூணாந்தேதி கோமுவும் அவ வீட்டுக்காரரு அஜின் அண்ணனும் மஸ்கட் போறாங்க. அந்த அண்ணனுக்கு அங்க வேலை கெடச்சிருக்கு. ரெண்டு வருசம் கழிச்சுதான் லீவாம்."

துவைகல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஏப்ரல் மூன்று என்றால் பங்குனி இருபது. உத்திரம் கழித்து இரண்டாம் நாள்.

"நம்பரக் குடு தாயி. ஒரே ஒரு வாட்டி பேசுதேன்."

"குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன் ஆன்ட்டி. அம்மாகிட்ட பேசிட்டுப் போடின்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். பேச்சும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம்னுட்டா."

"அப்படி என்ன கோவம்?"

"கோவம்னு சொல்லல. அம்மா பேசுனா நான் நம்பிருவேன், அதான் பயமாருக்குன்னா."

மதில்மேல் இருந்த குருவி இறங்கிச் செடிக்குள் போனது. ஸ்டெல்லா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் லேசாகச் சிரிப்பு.

"நீங்க கேமரா புடிக்கிங்கன்னு சொன்னேன். மொதல்ல நம்பல. அப்புறம் படம்னா பாக்கேன்னு சொல்லிட்டா. குருவிப் படம் மட்டும். ஒரு எழுத்து இருக்கக் கூடாதாம். கதை சொல்லணும்னா படத்துல சொல்லட்டும்னா."

நாள் இருப்பு: நாற்பது. முருகா.

மாசி 11, திங்கள்

காலையில் அவுகளுக்கு இட்லி, தக்காளிச் சட்னி. மதியத்துக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தேன். கந்தர் படத்துக்குச் செவ்வரளி ஒன்பது.

கோமு போனது ஆடி 23, வெள்ளிக்கிழமை. நான் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றப் போயிருந்தேன். வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது. அதற்கு முன் நான்கு நாள் அண்ணனும் அண்ணன் மக்களும் வந்து அவள் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அறைக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். யாரோ அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். கோமுவுக்கும் அந்தப் பையனுக்கும் பழக்கம் என்று.

கேமராவை விட்டுவிட்டுப் போயிருந்தாள். பீரோவில் என் புடவைகளுக்கு அடியில், பேட்டரி முழுக்கச் சார்ஜ் ஏற்றி. ஒரு மண்டலம் நான் அதைத் தொடவில்லை. பிறகு பூஞ்சை பிடித்துவிடுமோ என்று வெளியே எடுத்தேன். எட்டாவது வரை படித்தவள் நான். அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். யூடியூபில் ஒரு கேரளத்துப் பையன் காட்டுவதைச் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன். ஐப்பசி கடைசியில்தான் அணில் அணிலாகத் தெரிந்தது.

கோமு போகிறபோக்கில் சொன்னவை மூன்று மனதில் நிற்கின்றன. பறவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் அது ஆதார் கார்டு போட்டோ. நின்றுகொண்டு எடுத்தால் நம் பார்வை, குந்தி அதன் கண்ணுக்கு நேரே போனால் அதன் பார்வை. மூன்றாவது, கூட்டைப் பற்றி ஏதோ சொன்னாள். அது சரியாக நினைவில்லை.

மாசி 13, புதன்

மருதாணிக்குள் கூடு கட்டுகிறது. இன்று கொண்டுவந்தவை: காய்ந்த புல் 31, நூல் 4, என் தலைமுடி ஒரு சுருள். நான் சீவிப் போட்டதுதான்.

இதைவிடத் தெளிவாகக் கடவுள் என்ன சொல்வார். வீட்டுக்குள்ளேயே கூடு. இனி படத்துக்காக நான் எங்கும் போக வேண்டாம்.

மாசி 17, ஞாயிறு

வரவு: வெள்ளி ஒரு முட்டை, சனி ஒன்று, இன்று ஒன்று. செலவு: இல்லை. இருப்பு: 3.

ரோஸ் கலரில் ரத்தப் பொட்டு வைத்தமாதிரி. தாய்க்குருவி தண்ணீருக்குப் போன இரண்டு நிமிடத்தில் நாற்காலி போட்டுப் பார்த்தேன்.

அவுக சாப்பிட உட்கார்ந்தபோது, "எத்தன?" என்று கேட்டார்கள். எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் விளங்கவில்லை. கை செடிப்பக்கம் காட்டியது.

"மூணு."

"ம்."

ஆடிக்குப் பிறகு சோறு, குழம்பு, சட்டை தவிர்த்து அவுக என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

மாசி 19, செவ்வாய்

மாசி மகம். ஆற்றில் குளித்துவிட்டு வந்து ஐந்து படம் எடுத்து வைத்தேன். தொண்ணூற்று நான்கிலிருந்து ஐந்து.

ஒன்று, கம்பிமேல் ஜோடி. இரண்டு, ஒன்று பறந்துபோய் ஒன்று மட்டும். மூன்று, தாய் செடியின் உச்சிக் கொப்பில் உட்கார்ந்து மழைத்தூறலை முதுகில் வாங்குகிறது. நான்கு, தாய் வாய் திறந்து கூப்பிடுகிறது. ஐந்து, அந்தி வெளிச்சத்தில் தாய் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பார்த்தால் யாருக்கும் விளங்கும். ஒரு எழுத்து வேண்டாம். நான்காவதை மட்டும் பத்துத் தடவை பெரிதாக்கிப் பார்த்தேன்.

மாசி 20, புதன்

ஸ்டெல்லா அனுப்பிவிட்டாள். நான் கடையில் நின்றிருக்கும்போதே இரண்டு நீலக்கோடு விழுந்துவிட்டது. பார்த்துவிட்டாள். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிக் கை நீட்டினார்கள்.

மாசி 21, வியாழன்

பதில் இல்லை.

மாசி 22, வெள்ளி

பதில் இல்லை. உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன். அவுக ஒன்றும் கேட்காமல் பழையது தின்றுவிட்டுப் போனார்கள்.

மாசி 23, சனி

பதில் வந்தது. ஸ்டெல்லா வாசித்துக் காட்டமாட்டேன் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி, அவ எழுதுனத அப்படியே சொல்லுதேன். என்மேல வருத்தப்படக் கூடாது."

"சொல்லு."

"அஞ்சு படத்துலயும் அம்மாதான் நடுவுல. அம்மா பாவம்னு ஒரு கதை. அது எனக்குத் தெரிஞ்ச கதைதான்."

வேறு ஒன்றும் இல்லையா என்றேன். ஸ்டெல்லா போனை மேலே தள்ளிப் பார்த்தாள்.

"மூணாவது படத்துல மழைத்துளி நல்லா விழுந்திருக்குன்னு போட்டிருக்கா."

மழைத்துளி நல்லா விழுந்திருக்கு. வீடு வரும் வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். எதிரே வந்த குருக்களய்யா மாமி, "என்ன மந்திரம் வடிவு, எனக்கும் சொல்லித் தா" என்றார்கள்.

வந்து ஐந்து படத்தையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். நடுவில்தான் இருக்கிறது. ஐந்திலும். நான் அப்படி வைக்க வேண்டும் என்று வைக்கவில்லை.

நாள் இருப்பு: இருபத்தேழு.

மாசி 25, திங்கள்

அண்ணன் வந்தார். உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில் போக வேன் பேசியிருக்கிறாராம். எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய சாஸ்தாவும் அவுக சாஸ்தாவும் ஒரே காட்டில் அடுத்தடுத்த கோவில். அதனால் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் போவது. காகிதத்தில் இருபத்திரண்டு பேர் எழுதியிருந்தார். என் பேருக்கும் அவுக பேருக்கும் பிறகு ஒரு சின்னக் கோடு. அங்கே போன வருடம் வரை ஒரு பேர் இருந்தது.

ஹாலில் காய்ந்துகொண்டிருந்த படங்களைப் பார்த்தார்.

"ஏளா வடிவு, இது என்ன, குருவிக்கு வளைகாப்புப் போட்டோவா?"

"சும்மா பொழுது போகலண்ணே."

"பொழுது போகலன்னா நாலு வீட்டுக்குப் போய் உக்காந்து பேசு. மச்சான் பஸ்ஸுல நின்னு காலு வீங்கிப்போய் வாராரு, இவ இங்க குருவிக்கு மூஞ்சி திருத்துதா." சிரித்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அந்த ஸ்டெல்லாப் பிள்ள அடிக்கடி வருதாமே?"

"பிரிண்டு போடத்தான்."

"பிரிண்டு மட்டுந்தானா?"

அண்ணனிடம் நான் எதையும் மறைத்தது கிடையாது. சின்ன வயதில் அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தில் பென்சில் தொலைத்தால்கூட அவரிடம்தான் சொல்வேன். சொன்னால் மனம் லேசாகிவிடும். அவர் பார்த்துக்கொள்வார். இன்றும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மஸ்கட். ஏப்ரல் மூன்று. அவள் இப்போது இருக்கிற நாகர்கோவில். அவர் போய் இரண்டு தட்டுத் தட்டி, அழுது, காலில் விழவைத்து, எல்லாவற்றையும் சரி செய்துவிடுவார் என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

"பிரிண்டு மட்டுந்தான்" என்றேன். சர்க்கரை டப்பாவை எடுப்பதுபோல் உள்ளே போய்விட்டேன்.

மாசி 30, சனி

வரவு: குஞ்சு 3. முட்டை ஓட்டைத் தாய் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் போட்டது.

இதுதான் கதை. இனி தாய் நடுவில் வேண்டாம். குஞ்சுகள் வாய் திறந்தபடி, மேலே பார்த்தபடி, ஓரத்தில் தாயின் மூக்கு மட்டும். அதைப் பார்த்தால் எந்தப் பெண்ணும் ஒரு நிமிடம் அம்மா என்பாள்.

ஆனால் துவைகல்லிலிருந்து பார்த்தால் இலை மறைக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் பச்சையாக ஒரு புகைதான் விழுகிறது. பூஜைக்குப் பூ வெட்டுகிற கத்தரியால் முன்னால் இருந்த நான்கு கொப்பை எடுத்துவிட்டேன். கூட்டைத் தொடவில்லை. கூட்டுக்கு ஒரு முழம் தள்ளித்தான்.

பங்குனி 1, ஞாயிறு

இன்னும் ஏழு கொப்பு. மொத்தம் பதினொன்று. இப்போது கூடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுபோல் தெரிகிறது. காலை எட்டு முதல் ஒன்பது வரை தாயும் தகப்பனும் கொண்டுவந்தவை: புழு 9, தும்பி 1, பழம் 2. நடுமதியம் வெயில் நேரே இறங்கியபோது தாய் சிறகை விரித்துக் குடைபோல் நின்றது. அதுவும் அழகாகத்தான் விழுந்தது.

வெட்டிய இலையை வீணாக்க மனம் வரவில்லை. அம்மியில் அரைத்துப் பத்து விரலுக்கும் தொப்பி வைத்தேன். ஆடிக்குப் பிறகு இப்போதுதான்.

"எத்தன?" என்றார்கள் அவுக.

"மூணு. நல்லா தின்னுது."

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவாமலே போய்ச் செடிக்கு முன்னால் நின்றார்கள்.

பங்குனி 2, திங்கள்

காலையில் கோலம் போட்டுவிட்டுப் பின்பக்கம் வந்தால் மதிலடியில் செம்போத்துப் பறவை. அது கண்ணில் படுவதே நல்லது, அதிலும் இடமிருந்து வலம் போனால் நினைத்தது நடக்கும். மெதுவாக, ராஜாபோல், இடமிருந்து வலம் நடந்தது. மாணிக்கக் கண். ஒன்பது படம் எடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். சூடம் ஏற்றினேன்.

விரல் நன்றாகச் சிவந்திருக்கிறது.

பங்குனி 3, செவ்வாய்

எடுத்துவிட்டேன். மூன்று வாயும் திறந்திருக்கிறது. உள்ளே குங்குமச் சிவப்பு. தாயின் மூக்கு மட்டும் மேல் மூலையில், புழுவோடு. குஞ்சுகள் பார்க்கிற பக்கம் நான்கு விரல்கடை இடம் விட்டிருக்கிறேன். கோமு, நீகூட இப்படி எடுத்ததில்லை.

நாளை ஸ்டெல்லாவிடம் கொடுக்க வேண்டும். முதலில் முருகன் கோவிலுக்குப் போய்ச் செம்போத்துக் காட்டியதற்கு ஒரு விளக்கு.

பங்குனி 4, புதன்

வரவு 3. செலவு 3. இருப்பு இல்லை.

நான் கோவிலிலிருந்து வரும்போது மணி எட்டரை. செம்போத்து கூட்டின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. மூக்கில் ஒன்று தொங்கியது. சத்தம் போட்டேன், குடத்தை எறிந்தேன். அது அவசரப்படவில்லை.

"எத்தன?" என்றார்கள் அவுக, மதியம்.

"இல்ல."

தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்: "எலைய யாரு வெட்டுனது?"

"நான்தான். படத்துக்கு."

சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

பங்குனி 5, வியாழன்

ரசம். துவையல். தாயும் தகப்பனும் இன்றும் புழுவோடு வந்தன. பதினேழு தடவை. கூட்டு விளிம்பில் நின்று உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, புழுவோடு திரும்பிப் போயின.

பங்குனி 6, வெள்ளி

படம் கேட்டு ஸ்டெல்லாவே வந்துவிட்டாள். செடியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இங்கன இருந்த எலையெல்லாம் எங்க ஆன்ட்டி?"

சொன்னேன். அவள் குனிந்து வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கோமு இதுக்குத்தான் ஒருதடவ காலேஜுல ஒரு பையனோட சண்டைக்கே போயிட்டா. அவனும் இப்படித்தான் வெட்டி எடுத்தான். கூட்டுக்கு முன்னால இருக்க எலை குருவிக்கு வீட்டுக் கதவு, படம் நல்லா வரணும்னு கதவக் கழட்டுவியாலன்னு கேட்டா. ஒங்ககிட்ட சொன்னதே இல்லியா?"

சொல்லியிருக்கிறாள். மூன்றாவது அதுதான். இதே துவைகல்லில் உட்கார்ந்து, லென்ஸைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எலை இருந்தா இருக்கட்டும்மா. நமக்குச் சரியாத் தெரியலன்னா, அதுக்குப் பத்திரமா இருக்குன்னு அர்த்தம்." எனக்கு நன்றாக நினைவிருந்தது. மாசி 11-இல் நினைவில்லை என்று எழுதியபோதும் நினைவிருந்தது.

அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். அதில் இன்னொரு வரியும் இருக்கிறது. யாரோ அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் என்று. அதை அடிக்கப் பேனாவை வைத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

இன்று விளக்கு ஏற்றினேன். ஒன்றும் கேட்கவில்லை.

பங்குனி 8, ஞாயிறு

இத்தனை நாளும் இந்தக் கதையில் நான்தான் குருவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு படம். அழகான படத்தை மட்டும் முதலில் எடுத்து வைத்திருந்தேன், இப்போது எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன்.

ஒன்று, மாசி 28-இல் எடுத்தது. செடி முழுக்க இலை. நன்றாகத் தேடினால் ஓரத்தில் வால் நுனி மட்டும். இதை மங்கல் என்று தள்ளிவைத்திருந்தேன். இரண்டு, இன்று எடுத்தது. அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்து, பத்து விநாடி கழித்துத் தானாக எடுக்கிறமாதிரி திருகிவிட்டு, ஓடிப்போய்க் கத்தரியைக் கொப்புமேல் வைத்தேன். வெட்டவில்லை, வைத்தேன். கை மட்டும். முகம் வேண்டாம். ஏழு தடவை ஓடினேன். ஆறு தடவை முகமும் விழுந்துவிட்டது. மூன்று, வெட்டுவாய் பதினொன்று, எண்ணிக்கொள்ளலாம். நான்கு, மூன்று வாய் திறந்த அந்தப் படம். ஐந்து, செம்போத்து, நான் கும்பிட்டுக்கொண்டு எடுத்தது. ஆறு, தாய் புழுவோடு வெறுங்கூட்டு விளிம்பில். அதை வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். நடுவில் ஒன்றும் இல்லை.

ஆறாவதை எடுக்கையில் அது என்னைப் பார்த்தது. பயப்படக்கூட இல்லை.

நான்காவது படத்தை வைக்கவா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் முழுக்க யோசித்தேன். வைத்தேன். எதற்காக வெட்டினேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

பங்குனி 9, திங்கள்

அனுப்பியாயிற்று. நீலக்கோடு விழுவதைப் பார்க்க நிற்கவில்லை.

அண்ணன் போன் செய்தார். வேன் காலை ஐந்துக்குக் கிளம்புமாம். பொங்கல் பானையும் தேங்காய் இருபத்தொன்றும் என் பொறுப்பு. "பிரிண்டெல்லாம் எப்படி ஓடுது?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பங்குனி 10, செவ்வாய்

பதில் இல்லை. நாள் இருப்பு: பத்து.

குருவிகள் இன்று வரவில்லை. அவுக சாப்பிட உட்கார்ந்து வாயைத் திறந்தார்கள். கேட்க வந்ததை விழுங்கிவிட்டு உப்பு கேட்டார்கள்.

பங்குனி 11, புதன்

ஸ்டெல்லா கடையைப் பூட்டிவிட்டு நடுமதிய வெயிலில் வந்தாள். இருந்தவர்கள்: நான், ஸ்டெல்லா. வேறு யாருமில்லை. குருவியும் இல்லை.

"ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கா ஆன்ட்டி. ரெண்டாவது படத்துல கத்தரி புடிச்சிருக்கது யாரு கையின்னு."

"அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாம இருக்குமா? அந்தக் கட்டைவெரலு சூட்டுத் தழும்ப அவதான் எனக்குக் காட்டுனா, அப்பளம் சுட்டப்ப பட்டதுன்னு. அதுல மருதாணி வேற, செக்கச் செவேல்னு. தெரிஞ்சுதான் கேக்கா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இதுக்கு மட்டும் எழுத்துல பதில் சொல்லலாமாம். ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாமாம்."

நான் அழவில்லை. ஸ்டெல்லாதான் அழுதாள். மோர் கொடுத்து அனுப்பினேன்.

பங்குனி 12, வியாழன்

ஸ்டெல்லா இந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பட்டும்.

கோமுவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில். அது என் கை.

கத்தரி, பூஜைக்குப் பூ வெட்டுகிறது. பதினோரு கொப்பு. யாரும் சொல்லிச் செய்யவில்லை. வெட்டக் கூடாது என்று நீ சொன்னது நினைவிருந்துதான் வெட்டினேன்.

ஆடியில் மாமாவிடம் சொன்னதும் நான்தான். நீ என்னிடம் சொன்னது ஆடி 16, வெள்ளி, நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது. ஆவணி வரை யாரிடமும் சொல்லாதே, நானே அப்பாவிடம் சொல்கிறேன் என்றாய். சரி என்றேன். நான் மாமாவிடம் சொன்னது ஆடி 18, பதினெட்டாம் பெருக்கு, அவர் வீட்டில், சித்திரான்னம் பரிமாறிக்கொண்டு. இரண்டு நாள்தான் என்னால் தாங்க முடிந்தது. அவர்கள் வீடு எப்படி, என்ன ஆட்கள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டியிருந்தது. மாமா விசாரித்துச் சொல்வார் என்று நினைத்தேன். உன் நல்லதுக்கு என்று அடுத்து எழுத வந்தேன். எழுதவில்லை.

உன்னை அடைத்து வைத்த நான்கு நாளும் சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, யார் சொன்னார்களோ தெரியவில்லையே என்று உன்னிடமே அழுதேன். நீ நம்பினாய். பிறகு எப்போது தெரிந்துகொண்டாயோ, எனக்குத் தெரியாது.

உத்திரத்தன்று எல்லாரும் வேனில் சாஸ்தா கோவிலுக்குப் போகிறார்கள். நான் போகவில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்தெட்டு வருடத்தில் ஒரு உத்திரம் தவறியதில்லை. அன்று தலைவலி என்று சொல்லிவிட்டு ரயிலில் நாகர்கோவில் வருகிறேன். பஸ்ஸில் வந்தால் கண்டக்டர் பூராவும் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற இடத்துக்கு எதிரே பெஞ்சில் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை இருப்பேன். உன் கேமராவைக் கொண்டுவருகிறேன். அஜினும் வரலாம். அஜினைப் பார்க்க வேண்டும். நான் எதுவும் பேச வேண்டாம் என்றால் பேசமாட்டேன்.

இது ஸ்டெல்லாவுக்கும் உனக்கும் எனக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் விடமாட்டேன்.

வருவாயா, மாட்டாயா? ஒரு வார்த்தை போதும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்.

அம்மா